படம் பார்க்கப் போன மருத்துவ மாணவர்கள்: யேல் பயிற்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் யேல் மருத்துவக் கல்லூரியில் தோல் மருத்துவப் பேராசிரியராக இருந்த இர்வின் பிரேவர்மனுக்கு 1990களின் பிற்பகுதியில் ஒரு மனக்குறை. அவரிடம் மேற்படிப்புக்கு வந்த இளம் மருத்துவர்கள் கெட்டிக்காரர்கள்தான், பாடமெல்லாம் அத்துபடி. ஆனால் நோயாளியைக் காட்டி, கண்ணில் படுவதை மட்டும் சொல்லுங்கள் என்றால் அவர்கள் சொல்வதில் ஏகப்பட்ட விவரங்கள் விடுபட்டன. தோல் மருத்துவத்தில் பாதி நோயைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அப்புறம்தான்.

விடுபடுவது ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். முழங்கையிலும் முழங்காலிலும் சிவந்த தடிப்பு, மேலே வெள்ளிச் செதில். மூன்றாம் வருட மாணவர்கூட சோரியாசிஸ் என்று சொல்லிவிடுவார். சரியான பதில்தான். ஆனால் பெயர் கிடைத்த அந்த நிமிடமே கண் வேலையை நிறுத்திவிடுகிறது. அதே நோயாளியின் விரல் நகங்களில் குண்டூசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள் இருக்கலாம். நகத்தில் அப்படி இருந்தால் மூட்டும் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். நகத்தைப் பார்க்காதவருக்கு அந்தக் கேள்வியே எழாது. நோயாளி மூட்டுவலிக்கு வேறொரு ஓ.பி.யில் வரிசையில் நிற்பார்.

இது இளையவர்களுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அனுபவமுள்ள 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்து, கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். அந்தப் படங்களுக்குள்ளே ஒரு கொரில்லாவின் உருவத்தை நுழைத்து வைத்திருந்தார்கள். வழக்கமான கட்டியைப் போல 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் அதைக் கவனிக்கவே இல்லை. அவர்களில் பெரும்பாலோரின் பார்வை கொரில்லா இருந்த இடத்தின் மேலேயே போய் வந்திருந்தது என்று கண்ணசைவைப் பதிவு செய்த கருவி காட்டியது. கண்ணில் பழுதில்லை, தேடியது கட்டி, கொரில்லா அல்ல. அவ்வளவுதான்.

இந்த ஆய்வு வருவதற்குப் பல வருடம் முன்பே பிரேவர்மன் பிரச்சினையைச் சரியாகப் பிடித்திருந்தார் என்பது என் கணிப்பு. அவர் யோசித்த வழி இது: மாணவர்களுக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத ஒன்றைக் கொடுத்து விவரிக்கச் சொன்னால் எப்படி? அதில் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். கல்லூரியிலிருந்து சற்றுத் தூரத்தில், அதே நியூ ஹேவன் நகரில், யேல் பிரிட்டிஷ் கலை மையம் இருந்தது. அங்கே கல்விப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த லிண்டா ஃப்ரீட்லேண்டரிடம் போய்ப் பேசினார். பயிற்சி அப்படித்தான் தொடங்கியது.

அருங்காட்சியகத்தில் நடப்பது

கட்டிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பால் மெலன் என்ற செல்வந்தர் சேகரித்துக் கொடுத்த பிரிட்டிஷ் ஓவியங்களுக்காக லூயி கான் வடிவமைத்தது. 1974இல் கான் இறந்துவிட்டார். கட்டிடம் 1977இல் திறக்கப்பட்டது. கூரை வழியாக இயற்கை வெளிச்சம் இறங்குகிற மாதிரி கட்டியிருக்கிறார். நுழைவுக் கட்டணம் கிடையாது. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கடினம்.

முதல் வருட மாணவர்கள் நாலைந்து பேர் கொண்ட சின்னக் குழுவாக வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஓவியம். பத்துப் பதினைந்து நிமிடம் அதன் முன்னால் நின்று பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டைப் படிக்கக் கூடாது. பிறகு குழு மொத்தமும் அந்த ஓவியத்தின் முன் கூடும், பார்த்தவர் விவரிப்பார். விதி ஒன்றே ஒன்றுதான்: முதலில் தெரிவதைச் சொல், அர்த்தத்தை அப்புறம் சொல். "இந்தப் பெண் சோகமாக இருக்கிறாள்" என்றால் தடுத்துக் கேட்பார்கள், எதை வைத்துச் சொல்கிறாய் என்று. உதட்டின் ஓரங்கள் கீழே இறங்கியிருக்கின்றன, கண் தரையைப் பார்க்கிறது, ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சோகம் என்ற முடிவு இதற்கெல்லாம் பிறகுதான்.

ஓவியங்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனின் கதை சொல்லும் ஓவியங்கள். ஆட்கள், அறை, சாமான்கள், ஏதோ ஒரு சம்பவம். ஒன்றுக்கொன்று முரண்படுகிற தடயங்கள் நிறைய. நவீன அரூப ஓவியத்தைக் கொடுத்திருந்தால் ஆளாளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகலாம். இங்கே அப்படித் தப்பிக்க முடியாது.

இந்தப் பயிற்சியில் பயன்பட்ட ஓவியங்களில் ஒன்று ஹென்றி வாலிஸ் வரைந்த சாட்டர்டன் ஓவியம். பெரிய வடிவம் லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1856இல் காட்சிக்கு வைக்கப்பட்டது. சிறிய வடிவம் ஒன்று யேலில் இருக்கிறது. பெயர்ச் சீட்டைப் படிக்காமல் பார்த்தால் என்ன தெரியும்? ஒரு மாடியறை. சாய்ந்த கூரையில் சிறு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே விடிகாலை வானம், தூரத்தில் ஒரு பெரிய தேவாலயத்தின் குவிமாடம். ஜன்னலடியில் கட்டில். அதில் செம்பட்டை முடிக்கார இளைஞன் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். ஒரு கை கட்டிலிலிருந்து தொங்கித் தரையைத் தொடுகிறது. தோல் வெளிறியிருக்கிறது, அந்த வெளிறலில் லேசாக நீலமும் பச்சையும் கலந்திருக்கின்றன. திறந்து கிடக்கும் பெட்டியிலும் தரையிலும் கிழித்துப் போட்ட காகிதங்கள். தரையில் ஒரு சின்னக் குப்பி. அணைந்துபோன மெழுகுவத்தி.

தூங்குகிறானா, இறந்துவிட்டானா? குழுவில் இரண்டு கட்சியும் இருக்கும். தூங்குகிறான் என்பவர் முகத்தின் அமைதியைக் காட்டுவார். அப்படியானால் தோலின் நிறம்? விடிகாலை வெளிச்சத்தில் எல்லார் தோலும் அப்படித்தான் இருக்கும் என்று இன்னொருவர் மடக்குவார். சரி, குப்பி? குடித்திருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம். காகிதத்தைக் கிழித்தவன் யார்? இவனேதானா? ஒரு நோயாளியின் படுக்கைக்கு முன் நடக்க வேண்டிய வாதம் இங்கே ஒரு சட்டகத்துக்கு முன்னால் நடக்கிறது. தவறாகச் சொன்னாலும் யாருக்கும் ஆபத்தில்லை.

கடைசியில் பெயரைச் சொல்வார்கள்: தாமஸ் சாட்டர்டன், கவிஞன், 1770இல் லண்டனில் 17 வயதில் ஆர்செனிக் குடித்து இறந்தவன். வாலிஸ் வரைந்தது தற்கொலையை. ஆனால் அது தற்கொலையே அல்ல, வேறொரு நோய்க்கு மருந்தாக ஆர்செனிக் எடுத்தவன் அளவு தப்பி இறந்திருக்கலாம் என்று வாதிடுகிற ஆய்வாளர்களும் உண்டு. போதாக்குறைக்கு, படத்துக்கு மாடலாகப் படுத்துக் கிடந்தவர் எழுத்தாளர் ஜார்ஜ் மெரடித். அவர் அதற்குப் பிறகு 50 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். தூங்குகிறான் என்று சொன்ன மாணவரை ஒரேயடியாகத் தப்பு என்று தள்ள முடியாது!

ஓவியம் முடிந்ததும் நோயாளிகளின் புகைப்படங்கள். அதே முறையில், அதே விதியோடு, அவற்றை விவரிக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த இரண்டாம் பாதிதான் பயிற்சியின் உயிர்நாடி. இது இல்லாமல் ஓவியத்தோடு அனுப்பிவிட்டால் அது நல்ல சுற்றுலா, அவ்வளவே. பார்த்துப் பார்த்து அடுக்கிச் சொன்ன பழக்கம் ஆறுவதற்குள் அதை மருத்துவப் படத்தின் மேல் திருப்பிவிட வேண்டும்.

அளந்து பார்த்தபோது

பிரேவர்மன், ஃப்ரீட்லேண்டர், அப்போது மாணவியாக இருந்த ஜாக்குலின் டோலெவ் மூவரும் சேர்ந்து முடிவுகளை 2001இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஓவியப் பயிற்சி பெற்றவர்கள் ஒரு பக்கம், வழக்கமான வகுப்புக்குப் போனவர்கள் இன்னொரு பக்கம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நோயாளிகளின் புகைப்படங்களைக் கொடுத்து, குறிப்பிட்ட நேரத்துக்குள் தெரிவதை எழுதச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். ஓவியக் குழுவின் முன்னேற்றம் சுமார் 10 சதவீதம். பெரிய எண் அல்ல. ஆனால் ஒரே ஒரு அமர்வுக்கு அது கிடைத்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். யேலில் இந்தப் பயிற்சி பிறகு முதல் வருட மாணவர்கள் எல்லாருக்கும் கட்டாயமானது.

ஹார்வர்டில் வேறு பாதை. அங்கே 2003 வாக்கில் தொடங்கியது விருப்பப்பாடம், வாரக்கணக்கில் நீள்வது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஓவியம் பார்ப்பார்கள். அதோடு மருத்துவத் தலைப்பு ஒன்றைக் கோப்பார்கள். மேற்பரப்பின் தன்மையைப் பேசினால் அடுத்து தோல் நோய்கள், சமச்சீர் பற்றிப் பேசினால் முக நரம்புப் பரிசோதனை, இப்படி. கேள்வி கேட்கும் முறை மனோதத்துவ ஆய்வாளர் அபிகெயில் ஹௌசனும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்வித் துறையை நடத்திய ஃபிலிப் யெனவைனும் உருவாக்கியது. விஷுவல் திங்கிங் ஸ்ட்ராட்டஜீஸ் என்று பெயர். மூன்றே கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? நடத்துபவர் பதில் சொல்ல மாட்டார், திரும்பத் திரும்ப இதையே கேட்பார்.

2008இல் வந்த ஹார்வர்ட் ஆய்வில் அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் 24 பேர், ஒப்பீட்டுக்கு 34 பேர். படிப்பு முடிந்த பிறகு படித்தவர்கள் சராசரியாக ஐந்துக்கு மேல் கூடுதல் விவரங்களைக் கவனித்தார்கள். மற்றவர்களிடம் மாற்றமே இல்லை என்று சொல்லிவிடலாம். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு எண்: எட்டோ அதற்கு மேலோ வகுப்புக்கு வந்தவர்களிடம் ஆறு விவரங்கள் கூடின, குறைவாக வந்தவர்களிடம் மூன்றுக்கும் கீழே. அப்படியென்றால் மருந்துக்கு உள்ளதுபோல் இதற்கும் அளவு இருக்கிறது. ஆனாலும் ஓர் ஓட்டை: விரும்பிச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஏற்கெனவே ஓவியத்தில் நாட்டமுள்ளவர் விழுந்து விழுந்து வகுப்புக்கு வருவார், நன்றாகவும் செய்வார்.

அந்த ஓட்டையை அடைத்தது பென்சில்வேனியா பல்கலைக்கழகம். 2018இல் வெளியான அவர்கள் ஆய்வில் முதல் வருட மாணவர்கள் 36 பேரைக் குலுக்கல் முறையில் 18, 18 ஆகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் ஒன்றரை மணி நேர அமர்வு, மொத்தம் ஆறு. மறுபாதிக்குப் பயிற்சி இல்லை, ஆனால் அதே அருங்காட்சியகத்துக்கு இலவச உறுப்பினர் அட்டை கொடுத்துவிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் மதிப்பெண் தெளிவாக ஏறியது. விழித்திரை நோய்ப் படங்களை விவரிப்பதிலும் ஏறியது, அவர்களுக்குக் கண் மருத்துவம் யாரும் சொல்லித்தராத நிலையிலேயே. அட்டை மட்டும் வாங்கியவர்களின் மதிப்பெண் ஏறவில்லை, சற்று இறங்கவே செய்தது. ஓவியம் தொங்குகிற கட்டிடத்துக்குள் போய்விட்டு வந்தால் தானாகக் கண் திறந்துவிடும் என்ற நம்பிக்கையை உடைக்க இந்த ஒரு ஒப்பீடு போதும். எந்நேரமும் ஒருவர் கூடவே நின்று "எதை வைத்துச் சொல்கிறாய்" என்று கேட்டதுதான் வேலை செய்திருக்கிறது.

இந்த மூன்று ஆய்வுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. எல்லாமே படங்களை வைத்து அளந்தவை. வார்டில் நிற்கும்போது, பின்னால் 40 பேர் காத்திருக்கும்போது, அந்தக் கண் எவ்வளவு நீடிக்கிறது என்பதை இவை அளக்கவில்லை. நோயாளிக்கு நோய் சீக்கிரம் பிடிபட்டதா என்பதையும் அளக்கவில்லை. ஓ.பி.யில் யாருக்கும் பதினைந்து நிமிடம் கிடைக்காது. அங்கே கொண்டுபோகக் கூடியது நேரத்தை அல்ல. பெயர் கிடைத்த பிறகும் ஒரு சுற்று பார்த்துவிடுகிற பழக்கத்தை. அது பழக்கமாகிறதா என்று தெரிய, படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு அளக்க வேண்டும்.

மனநலம் என்ற இன்னொரு கணக்கு

இந்தப் பயிற்சிகளைப் பற்றி எழுதுபவர்கள் ஒரே மூச்சில் இரண்டு வாக்குறுதி கொடுக்கிறார்கள். நன்றாகப் பார்க்கவும் வரும், மனச்சோர்வும் தீரும் என்று. இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரேவர்மன் தொடங்கியது முதலாவதற்காக. இரண்டாவதற்குச் சான்று வேறு, அது தனியாக நிற்க வேண்டும்.

2018இல் அமெரிக்காவின் ஐந்து மருத்துவக் கல்லூரிகளில் 739 மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. இசை, இலக்கியம், நாடகம், ஓவியம் இவற்றோடு பழக்கமுள்ள மாணவர்களிடம் பரிவு அதிகம், நிச்சயமின்மையைத் தாங்கும் திறன் அதிகம், வேலைச் சோர்வு குறைவு. ஆனால் இது கணக்கெடுப்பு. நாடகம் பார்க்க நேரமும் மனசும் உள்ளவர் சோர்ந்து போகாதவராக இருப்பதில் ஆச்சரியம் என்ன? எது எதற்குக் காரணம் என்று இதிலிருந்து சொல்ல முடியாது.

ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழு 2016இல் வெளியிட்டது இன்னொன்று. 39 பேரிடம் களிமண், வண்ணப்பேனா, ஒட்டுப்படச் சாமான்களைக் கொடுத்து 45 நிமிடம் எதையாவது செய்யச் சொன்னார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு எச்சிலில் இருந்த கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் குறைந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் இல்லாமல் குறைந்தது. ஒப்பீட்டுக் குழு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 45 நிமிடம் போனைத் தள்ளிவைத்து உட்கார்ந்தாலே கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

இவற்றைவிட வலுவானது கொலராடோவில் நடந்தது. வேலையில் சோர்ந்திருந்த மருத்துவப் பணியாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 12 வாரம், வாரம் 90 நிமிடம், பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்களைக் கொண்டு ஓவியம், இசை, நடனம், எழுத்து என்று நடத்தினார்கள். 2022இல் முடிவு வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வேலைச் சோர்வு மூன்றிலும் மதிப்பெண் இறங்கியிருந்தது. இது சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பதல்ல, தாங்களே கையால் செய்வது, சிகிச்சையாளர் முன்னிலையில் செய்வது. யேல் பயிற்சியோடு இதை ஒன்றாகப் பேசக் கூடாது.

அதற்காக யேல் மாதிரியான அமர்வில் மனசுக்கு ஒன்றுமே நடப்பதில்லை என்று சொல்லவில்லை. மருத்துவக் கல்லூரியில் முதல் வருடத்திலிருந்தே பதில் தெரிந்தவர், தெரியாதவர் என்று ஏணி போட்டுவிடுகிறார்கள். ரவுண்ட்ஸில் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு வாய் திறக்காமல் நின்ற அனுபவம் இல்லாத டாக்டரே கிடையாது. ஓவியத்தின் முன்னால் பேராசிரியருக்கும் பதில் தெரியாது. அவர் பார்க்காததை முதல் வருட மாணவி பார்த்துச் சொல்லலாம், சொல்கிறாள். "எனக்கு இது புரியவில்லை" என்று சத்தமாகச் சொல்ல அங்கே வெட்கம் இல்லை. நிச்சயமின்மையைத் தாங்கும் திறன் என்று கணக்கெடுப்பில் சொல்வது இப்படித்தான் உருவாகக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. அளந்து காட்டும்வரை அது என் ஊகம்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சாட்டர்டன் ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். 17 வயதுப் பையனின் தற்கொலை என்று பெயர் சொன்னதும் குழுவில் யாரோ ஒருவர் அமைதியாகிவிடலாம். மருத்துவ மாணவர்களிடையே மனச்சோர்வு அதிகம் என்பது தெரிந்த விஷயம். விவரிப்புப் பயிற்சிக்கு அருமையான படம், சரி. ஆனால் நடத்துபவருக்கு அப்போது என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் வேறு படத்தை எடுப்பது நல்லது. படத்துக்கா பஞ்சம்?

இதை வேறு இடத்தில் செய்வதென்றால்

யேலுக்குப் பிறகு பலர் செய்தார்கள். வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரி நியூயார்க்கின் ஃப்ரிக் ஓவியக் கூடத்தில் செய்தது. அங்கே அதை நடத்திய ஏமி ஹெர்மன் பின்னாளில் நியூயார்க் போலீஸ்காரர்களுக்கும் அதே வகுப்பை எடுத்தார். போலீஸுக்கும் டாக்டருக்கும் பொதுவான சிக்கல் என்பதால் அது ஒத்துப்போனது. செவிலியர்களுக்கு இன்னும் ஒத்துப்போகும் என்பேன். நோயாளியைத் தொடர்ந்து பல மணி நேரம் பார்ப்பவர் ஸ்டாஃப் நர்ஸ்தான். காலையில் இருந்த நிறம் மாலையில் இல்லை, பேச்சு கொஞ்சம் குழறுகிறது, கை போர்வையைப் பிசைகிறது என்று முதலில் தெரிவது அவருக்கு.

செலவு அதிகமில்லை. ஆள்தான் வேண்டும், அதுவும் இரண்டு பேர். ஓவியத் துறையிலிருந்து ஒருவர், மருத்துவத் துறையிலிருந்து ஒருவர். மருத்துவர் மட்டும் நடத்தினால் பத்தாவது நிமிடத்தில் ஓவியத்திலிருக்கும் ஆளுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டாகிவிடும். ஓவியர் மட்டும் நடத்தினால் பாணி, காலம், தூரிகை என்று வகுப்பு கலை வரலாற்றுக்குள் போய்விடும். குழு ஐந்து பேரைத் தாண்டினால் இரண்டு பேர் பேசி மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள். படத்தைத் திரையில் போட்டுக் காட்டலாமா என்றால், போடலாம், ஆனால் நெருங்கிப் போய்ப் பார்க்கிறது, பின்னால் வந்து பார்க்கிறது எல்லாம் போய்விடும். கட்டிலைச் சுற்றி வந்து நோயாளியைப் பார்க்கப் பழக வேண்டியவர்களுக்கு அது நஷ்டம்.

கட்டாயமா, விருப்பமா என்ற கேள்வியில் என் ஓட்டு யேலுக்கு. விருப்பப்பாடமாக வைத்தால் வருகிறவர்களுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. தேவைப்படுகிறவர், பெயர் கிடைத்ததும் அடுத்த கட்டிலுக்கு நகர்கிறவர், பட்டியலில் தன் பெயரை எழுத மாட்டார். ஆனால் கட்டாயம் என்றால் வருகை மட்டும் கட்டாயமாக இருக்கட்டும். மதிப்பெண் போட ஆரம்பித்தால், எதைச் சொன்னால் மதிப்பெண் கிடைக்கும் என்று இரண்டாம் வகுப்பிலேயே மாணவர்கள் கண்டுபிடித்து, அதை மட்டும் தேடத் தொடங்கிவிடுவார்கள்.